தட்டில் விழாத போன்

"எல்லாரும் போனைத் தட்டுல வெச்சாச்சு. இவர் மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சவரா?"

முகாம் தலைவர் கொதித்தார். பிரஸ்பிட்டேரியன் போதகர்களின் வருடாந்திரப் புத்துணர்வு முகாம். ஆரம்ப ஜெபம் முடிந்ததும் காணிக்கைத் தட்டு சுற்றிவரும். போதகர்கள் அதில் செல்போனைப் போட்டுவிட வேண்டும். முகாம் முடியும்வரை வெளி உலகம் கிடையாது. தலைவரே கொண்டுவந்த ஏற்பாடு இது.

ஒருவர் மட்டும் தட்டைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அவர் உள்ளே இருந்ததைவிட போன் பேச வெளியே ஓடியதுதான் அதிகம். 'ஹலோ போதகர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"ஐயா, என்ன விஷயம்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றார் முகாம் செயலாளர்.

"கேட்கறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பார்க்கறேனே!"

அன்று காலை தலைவரின் செய்தி. தலைப்பு, 'கேட்கும் காது'. ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்தது.

"பேசுவது ஊழியமல்ல, சகோதரரே. கேட்பதே ஊழியம்!"

சொல்லி நிறுத்தினார். அரங்கமே உருகி நின்ற அந்த நேரம் பார்த்து 'கிர்ர்' என்றது ஒரு போன். ஹலோ போதகர் குனிந்தபடி வெளியே நழுவினார்.

தலைவருக்கு வந்ததே கோபம்! செய்தியை அவசரமாக முடித்துவிட்டு வேகமாக வெளியே வந்தார். செயலாளரும் பின்னாலேயே ஓடினார்.

மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்க் குழாய் பக்கம், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார் ஹலோ போதகர்.

"அழாதீங்கம்மா... வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாதா? ம்... சரி, நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தலைவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சீ! வெட்கமா இல்ல உங்களுக்கு? அங்க நான் தேவ வார்த்தை பேசிட்டு இருக்கேன். இங்க படிக்கு அடியில ஒளிஞ்சு நின்னு, புருஷனுக்குத் தெரியாம எவளோடயோ குசுகுசுன்னு பேச்சு! அங்கியைப் போட்டுக்கிட்டுப் பண்ற வேலையா இது?"

ஹலோ போதகர் போனைக் கையால் பொத்தினார்.

"மெதுவா பேசுங்க ஐயா. அவங்களுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்! யார் அது?"

"மன்னிக்கணும் ஐயா. என்னை நம்பிப் பேசறாங்க. சொல்ல முடியாது."

"அப்படின்னா பெட்டியைக் கட்டுங்க. மேலிடத்துல சொல்லி உங்களை சபையை விட்டே தூக்கறேனா இல்லையா பாருங்க!"

"சரிங்க ஐயா. பேசி முடிச்சதும் கட்டிடறேன்."

அந்த நிதானம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. தலைவர் போனை வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தார்.

"யாரும்மா நீங்க? குடும்பப் பொண்ணுதானே? உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல முடியாததை ஊரான்கிட்ட சொல்ல வெட்கமா இல்ல?"

மறுமுனையில் விசும்பல் நின்றது. பிறகு, தினமும் அவரைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரல் கேட்டது.

"நீங்களா? பிரசங்கம் முடிஞ்சுதா? போனை அவர்கிட்டயே குடுங்க. டாக்டர் எனக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னதை நான் இன்னும் சொல்லி முடிக்கல."