காளான் கறி

மழை விட்டதும் நல்லம்மா தகர டின்னை எடுத்துக்கொண்டு முன்தோட்டத்தில் இறங்கினாள்.

நத்தைகள் வந்திருந்தன. உள்ளங்கை அகலத்தில், பழுப்பு வரியோடிய ஓட்டிலிருந்து சளிபோல் வழிந்து, மரவள்ளித் தண்டுகளில் ஏறிக்கொண்டிருந்தன.



இரண்டு குச்சிகளால் கவ்வி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக டின்னுக்குள் போட்டாள். ஒன்று வழுக்கி அவள் புறங்கையில் விழுந்தது. உதறிவிட்டுக் கையைப் புல்லில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்த வழும்பு நூலாக நீண்டதே தவிர, விட்டுப் போகவில்லை.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வரும்வரை அந்த இடத்தில் ரோஜாவும் கல்வாழையும்தான் நின்றன. வீட்டுக்கு வீடு உணவுப் பயிர் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத அவள் கணவர் ஏரம்பமூர்த்தி, கை கொப்பளிக்க மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினார். மரவள்ளி துளிர்த்தது. சர்க்கரைவள்ளிக் கொடி வேலிவரை ஓடியது. கீரை முழங்கால் உயரம் வந்தது.

அடைமழையோடு நத்தைகளும் வந்தன. ஒரே வாரத்தில் கீரைப் பாத்தியில் வெறும் காம்புகள் நின்றன. எங்கே பார்த்தாலும் காய்ந்த எச்சில் கோடுகள்.

பிறகு காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. மகள் அருந்ததியின் கால்கள் வீங்கத் தொடங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மீனோ முட்டையோ இறைச்சியோ கொடுக்காவிட்டால் பிள்ளை தேறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஏரம்பமூர்த்தி வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போய் வருபவர். மச்ச மாமிச வாடை அடிக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பக்கத்து வீட்டு ருக்கையா இரக்கப்பட்டுக் கொடுத்த வாத்து முட்டை ஒன்றை நல்லம்மா ஒளித்து அவித்த அன்று, வாடை பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தவர், சட்டியோடு தூக்கிக் கால்வாயில் எறிந்தார்.

அந்த வாடை அவளுக்கும் ஆகாததுதான்.

டின் நிறைந்தது.

“ருக்கையான்ரை வாத்துகளுக்குக் குடுத்திட்டு வாறன்” என்று வழக்கம்போல உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளி இலைச் சுண்டலும். மகளின் தட்டில் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் காளான் கறி. பாத்தியோரம் முளைப்பது ஒருத்திக்குத்தான் காணும், மூவருக்கும் போதாது என்று நல்லம்மா சொல்லிவைத்திருந்தாள்.

அருந்ததி மென்றுகொண்டிருந்தாள். இரண்டு மூன்று வாரமாக அவள் கால்களில் வீக்கம் வற்றி, கணுக்கால் எலும்பு மறுபடியும் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஏரம்பமூர்த்தி கிழங்கைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்.

“அந்த வாத்தெல்லாத்தையும் ஜப்பான்காரர் பிடிச்சுக்கொண்டு போய் ஒரு மாசமாம். ருக்கையான்ரை மனுசன் இண்டைக்குத்தான் சொன்னவர்.”

நல்லம்மாவின் கை கரண்டியோடு நின்றது.

நத்தையின் ஓட்டை உடைத்து உருவியெடுக்கும்போது வரும் சத்தம் அவள் காதில் கேட்டது. மூன்று முறை அவித்துக் கொட்டியும் அடங்காமல் பொங்கும் அந்தச் சாம்பல் நிற நுரை. ஒவ்வொரு நாளும் பின்முற்றத்தில் குனிந்து, சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு எடுத்த வாந்தி.

சட்டி பறக்கப்போகிறது என்று காத்திருந்தாள்.

அவர் மகளின் தட்டுப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. நெஞ்சு ஒருமுறை எக்கி அடங்கியது. பிறகு, மடக்கி உட்கார்ந்திருந்த பிள்ளையின் கால்களைப் பார்த்தார்.

“சூடு ஆறமுதல் சாப்பிடு, பிள்ளை” என்றார்.

தன் சோற்றுக்கையை உதறிக்கொண்டு எழுந்தார். தட்டில் கிழங்கு அப்படியே கிடந்தது. வெளியே போனார்.

வெகுநேரம் அவர் திரும்பவில்லை. நல்லம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

மரவள்ளிக்கு நடுவே ஏரம்பமூர்த்தி குந்தியிருந்தார். கையில் குச்சி எதுவும் இல்லை. இலைச் சருகைத் தள்ளி, ஈரமண்ணில் ஒட்டிக் கிடந்த நத்தையொன்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரல்களால் பெயர்த்தார். பக்கத்தில் திரும்பி வாந்தி எடுத்தார். தோளில் வாயைத் துடைத்தார். மறுபடியும் கையை நீட்டினார்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேட்டியை மடித்து ஏந்தியிருந்த மடியை மட்டும் கொஞ்சம் விரித்துக் காட்டினார். வெள்ளை வேட்டியெல்லாம் வழும்பு.

“இவ்வளவும் காணுமோ, இன்னும் வேணுமோ?”