மூன்றாம் அத்தியாயம்

“இது யாரு எழுதினதும்மா?”

நந்தினி மேஜைமேல் விரிந்து கிடந்த தன் ப்ராஜெக்டைப் பார்த்தாள்.

ராணியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில், கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் பாதி வழி நின்றுகொண்டே வந்த முழங்கால் இன்னும் விண்விண்ணென்றது.

காலையிலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் வைவா. நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் நாடகங்கள். ஒருத்தன் எழுதினதையேதான் அடுத்தவனும் எழுதியிருந்தான். எல்லாம் பஜார் நோட்ஸ். வெளியூரிலிருந்து தேர்வாளராக, எக்ஸ்டெர்னலாக வருவது இதுதான் கடைசி என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்.

இந்த ஒரு ப்ராஜெக்ட்தான் அவர் தூக்கத்தைக் கலைத்தது. அந்தக் காலத்து லண்டன் மேடையில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். அதையும், இந்தப் பக்கத்துக் கூத்தில் ஆண்கள் கட்டும் பெண் வேஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தாள் நந்தினி. மூன்றாம் அத்தியாயம் அருமை. அவ்வளவு அருமையாக இருந்ததால்தான் சந்தேகம். காப்பியைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். அத்தனையும் போன வருஷம் ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரை.

எழுதியவர் பேராசிரியர் இளஞ்செழியன். நந்தினியின் கைடு. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“உன் சார் கட்டுரையையே எடுத்து, உன் சார் எதிர்லயே வெக்கிற. தைரியம் ஜாஸ்திதான் உனக்கு.”

நந்தினி ஒருமுறை சாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“தப்புதான் மேடம்.”

“காப்பினு நான் ஒரு வரி எழுதினா போதும். ஒரு வருஷம் போச்சு. தெரியுமா?”

“தெரியும் மேடம்.” குரல் உள்ளே போய்விட்டது. “பி.எட்.ல சீட் கிடைச்சிருக்குங்க மேடம்.”

இளஞ்செழியன் தொண்டையைச் செருமினார்.

“விட்டுடுங்க மேடம். சின்னப் பொண்ணு. கீழ்பென்னாத்தூர் பக்கம் கிராமம். என் கட்டுரைதானே, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“உங்களுக்குப் பெரிய மனசு சார்.” ராணியம்மாள் நந்தினியிடம் திரும்பினார். “வேற யாராவதா இருந்தா உன்ன உண்டு இல்லைனு பண்ணியிருப்பாங்க. சார்கிட்ட மன்னிப்பு கேளு.”

கேட்டாள்.

“சரி சரி, போம்மா” என்றார் இளஞ்செழியன், ஜன்னல் பக்கம் பார்த்து.

பாஸ் மார்க். அதற்குமேல் ஒன்றுகூட ஜாஸ்தி இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று. கவர் ஒட்டியாயிற்று.

சாப்பாடு டிபார்ட்மென்டுக்கே வந்தது.

“சாயந்திரம் கோயில்ல சொல்லி வெச்சிருக்கேன் மேடம். க்யூவே கிடையாது. நேரா உள்ள போயிடலாம்.”

“என் முழங்கால் பிழைச்சுது” என்றார் ராணியம்மாள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, “முகத்துக்காகச் சொல்லல சார், உங்க கட்டுரை நல்லா இருந்தது. பெண் வேஷக்காரங்க வேஷம் கட்டிட்டா விடியற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க, அந்தச் சேலை பாவாடையோட ஒதுங்கப் போக முடியாது, லண்டன் பையனுங்களும் அப்படித்தான் தொண்டை காய்ஞ்சு நின்னிருப்பாங்கனு எழுதியிருந்தீங்களே. அதை எங்க பார்த்தீங்க?”

“அப்படியா எழுதியிருக்கேன்?” இளஞ்செழியன் சிரித்தார். “நமக்கும் கூத்துக்கும் ரொம்ப தூரம் மேடம். நான் ஒரு கூத்துகூடப் பார்த்ததில்ல. ராத்திரி கண்ணு முழிச்சா எனக்கு ஒத்துக்காது.”

ராணியம்மாளின் கை சோற்றிலேயே நின்றது.

கட்டுரையில் அடுத்த வரி அவருக்கு நினைவிருந்தது. ‘சிறு வயது முதல் வேஷம் கட்டும் கொட்டகையில் உட்கார்ந்து நான் கண்ணால் கண்டது இது.’ அந்த ‘நான்’ என்பதைக்கூட மாற்றாமல் பேரை மட்டும் மாற்றியிருக்கிறான் மனுஷன்.

எழுந்து கை கழுவினார்.

“மார்க் ஷீட்டைக் குடுங்க.”

“கவர் ஒட்டியாச்சே மேடம்.”

“பிரிங்க.”

நந்தினியின் பாஸ் மார்க்கை அடித்தார். புதுசாக எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். “நீங்களும் போடுங்க.”

இளஞ்செழியன் புது மார்க்கைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. போட்டார்.

“அந்தப் பத்திரிகைக்கு நீங்களே எழுதி உங்க பேரை எடுத்துடுங்க. இல்லேன்னா நான் எழுதுவேன்.”

“மேடம், தரிசனம்...”

“க்யூவுல நின்னு பார்த்துக்கறேன்.”

காலேஜ் வாசலில் நந்தினி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ராணியம்மாளைக் கண்டதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்க ஊர்ல பெண் வேஷம் கட்டுறது யாரும்மா?”

“எங்கப்பா மேடம்.”

“அந்தக் கட்டுரை?”

“போன வருஷம் செமினார்ல நான் எழுதிப் படிச்சது மேடம். சார் வாங்கி வெச்சிக்கிட்டாரு.”

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? என்கிட்ட திட்டும் வாங்கிக்கிட்டு, அந்தாளுகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டு வந்து நிக்கிற?”

நந்தினி பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

“நீங்க இன்னைக்குப் போயிடுவீங்க மேடம். சார் இங்கயேதான் இருப்பாரு. என் தங்கச்சி எம்.ஏ. ஃபர்ஸ்ட் இயர். அவளுக்கும் அவருதான் கைடு.”

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. நந்தினி ஓடிப்போய்ப் படியில் ஒரு கால் வைத்தாள்.

ராணியம்மாள் முழங்காலை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

“தங்கச்சிகிட்ட சொல்லு. அடுத்த வருஷமும் எக்ஸ்டெர்னல் நான்தான்!”