புதன்கிழமை மழை

“உங்கட புதன்கிழமை மழையால எங்கட பல்கலைக்கழகம் தரவரிசையில பதினொரு இடம் மேல ஏறியிருக்கு, ஐயா.”

விரிவுரையாளர் சுலக்சனா இதைச் சொன்னபோது கன்னையாவுக்குச் சிரிப்பதா, எழுந்து நிற்பதா என்று தெரியவில்லை. றக்வானையிலிருந்து ஆட்டோ பிடித்து, கடைசி வளைவில் ஆட்டோவும் ஏறாமல், நடந்தே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருந்தாள். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை.

“மழையால எப்படி மிஸ் பல்கலைக்கழகம் ஏறும்?” என்று கேட்டாள் சுமித்ரா. கன்னையாவின் ஒரே மகள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வேலை.

“என்ட கட்டுரையை வேற ஆராய்ச்சிக்காரர் தங்கட கட்டுரையில எடுத்துக் காட்டினா அது ஒரு மேற்கோள். இதுவரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் காட்டியிருக்கினம். எங்கட வளாகத்தில வேற எவருக்கும் அவ்வளவு இல்லை.”

“ஒருத்தி சொன்னத வச்சு இன்னொருத்தி சொல்றது. நம்ம பீலியில தண்ணி புடிக்கிறப்ப நடக்கிறதுதான்.”

“அப்பிடித்தான். இது இங்கிலீசில நடக்குது.”

கன்னையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். தோட்டத்து ஆபீஸ் பின்னால் மழை அளக்கும் செப்புக் குழாய் ஒன்று இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு ஆபீஸ் வேலைக்காரரான கன்னையா அதிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, கோடுகளை எண்ணிக் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். அவர் புத்தகத்தில் எழுதுவார். அந்தப் பழைய புத்தகங்கள் சுலக்சனாவின் கையில் கிடைத்தன. ஒன்பது வருடம் புதன்கிழமைகளில் மட்டும் மழை கூடுதல். தேயிலை ஃபேக்டரி மூடப்பட்ட வருடம் அதுவும் நின்றுவிட்டது. ஃபேக்டரி அடுப்பு முழுமூச்சாக எரிந்த செவ்வாய்க்கிழமைப் புகைதான் புதன்கிழமை மழையாகிறது என்று அவள் எழுதினாள். உலகம் பிடித்துக்கொண்டது.

“இப்ப ஜப்பானில ஒரு பேராசிரியர் சந்தேகப்படுறார். அளந்தவரே எழுதித் தரவேணுமாம். இல்லையெண்டா கட்டுரையைத் திருப்பி எடுக்கச் சொல்லுவினம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை ஐயா.” குரல் சற்றே இறங்கியது. “உங்களுக்கு எப்பவாவது கை தவறியிருக்குமோ?”

“கை தவறுனதில்ல மிஸ். ஒரு நாள்கூட.”

“ஃபேக்டரி மூடின வருசத்தோடதானே புதன் மழையும் நிண்டது?”

“ஆமாங்க. ஏழாம் நம்பர் மலைய காடா விட்டதும் அந்த வருசந்தான்.”

அதை அவள் குறித்துக்கொள்ளவில்லை. கன்னையாவின் கண் மட்டும் வாசலைத் தாண்டி, புல் மூடிய அந்த மலைக்குப் போனது. ஏழு நாளுக்கு ஒரு சுற்று கொழுந்து பறிப்பு. ஏழாம் நம்பருக்குப் புதன்கிழமை முறை. செங்குத்து. முழங்காலைக் கையால் ஊன்றித்தான் ஏற வேண்டும். இரவு மழை ஓர் அங்குலத்தைத் தாண்டினால் பெண்களை அங்கே ஏற்றக்கூடாது, ஆண்களைத்தான் அனுப்ப வேண்டும் என்று பழைய துரை ஒருவர் சட்டம் போட்டிருந்தார். புதன்கிழமை மழையை ஏசாத ஆண்பிள்ளை அந்த லயத்தில் இல்லை.

பெண்களுக்கோ அன்று கீழ்மலை. அவர் மனைவி புஷ்பம் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஈரத் தலையை அடுப்புச் சூட்டில் காயவைத்துக்கொண்டே ரொட்டி தட்டுவாள். “இன்னைக்கும் ஒரு அங்குலமா? ஒங்க மழைக்கு மட்டும் கெழமை தெரியுதே,” என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். சம்பல் அரைத்த கையாலேயே அவர் தோளில் ஒரு தட்டு. அவள் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் ஓட்டில் மழை விழுந்தால் அந்தத் தட்டுதான் முதலில் நினைவுக்கு வரும்.

“கடிதத்தை நான் தமிழில டைப் பண்ணிக்கொண்டு வந்தனான்,” என்று சுலக்சனா தாளை நீட்டினாள். “அளவெல்லாம் சரியெண்டு இருக்கு. பெருவிரல் வைக்க மையும் இருக்கு.”

“மை எதுக்கு? அப்பா எழுதுவாரு,” என்றாள் சுமித்ரா. “அறுபது வயசுல நான்தான் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைமடுவத்துச் சிலேட்டுல. ‘ழ’வுக்கு மட்டும் அழாத கொறை.”

கன்னையா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளை எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகளை ஒரு கணம் பார்த்தார்.

“மிஸ், ஒங்களுக்கு இதால கெடுதல் வந்துருமா?”

“நீங்கள் எழுதித் தந்தா ஏன் ஐயா வரப்போகுது?”

அவர் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவை அழுத்தினார். நேரம் போனது. சுலக்சனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்; இரத்தினபுரி பஸ் நாலரைக்கு. பெயர் எழுத இவ்வளவு பாடுபடுகிறாரே என்று இரக்கமாக இருந்தது. ஒரு எழுத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அது ‘ழ’வாகத்தான் இருக்கும்.

கடைசியில் இரண்டு கையாலும் நீட்டினார். அவள் அவசரமாக மடிக்கப்போய், அப்படியே நின்று வாசித்தாள்.

‘ஜப்பான் ஐயாவுக்கு. மத்த நாள் மழை மெய். புதன்கிழமை கூடுன மழை பீலித் தண்ணி. நான்தான் ஒரு செம்பு ஊத்துனேன். ரெண்டு பிள்ளைய வயித்துல இருக்கப்பவே ஏழாம் நம்பர் ஏத்தத்துல இழந்துட்டோம். மூணாவது சுமித்ரா. அவ பொறந்த பொறகும் லயத்துல எப்பவும் யாராவது ஒருத்தி வயித்தோட இருந்தா. அதனால ஒன்பது வருசம் நிப்பாட்ட முடியல. இப்படிக்கு கன்னையா.’