லித்தியாவின் மெட்டு

சுவா நகரத்தில் மத்தியான மழை விடாமல் பெய்கிறது. ஒலிப்பதிவுக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரின் நிழல் வசிதியின் கைகள்மேல் நெளிகிறது. போன வருஷம் காய்ச்சலில் போன மகள் லித்தியாவுக்கென்று, எந்தச் சாவு வீட்டிலும் யாரும் பாடியிராத ஒரு மெட்டைப் போடத்தான் அவள் இங்கே இசையமைக்கப் படிக்க வருகிறாள். கற்றுக்கொடுக்கும் ஜோனே அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தயங்குகிறான். “அக்கா, இதுவும் நம்ம சர்ச் பாட்டு மாதிரியே போகுது.” அவள் போட்டதை அழிக்கிறாள். கணினித் திரையில் மெட்டின் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மறுபடியும் கீபோர்டில் விரல் வைக்கிறாள். இதுவரை கேட்டிராத வரிசையில் ஏழு சுரங்கள் மெல்ல ஏறிப்போய்ச் சட்டென்று நின்றுவிடுகின்றன. “நல்லாருக்குக்கா. ஆனா பாதியில நிக்குதே?” “அவளும் பாதியிலதானே போனா.” ஜோனே அதை அப்படியே சேமிக்கிறான்.