மேட்டு வளை

தாயால் காப்பாற்ற முடியாத குட்டிகளை வேறு இடத்தில் சேர்ப்பது அந்தக் காட்டில் நாரைக்கும் காகத்துக்கும் கொடுத்திருந்த வேலை. ஓடைக்கரையில் ஒரு கீரி தன் இரண்டு குட்டிகளைத் தனியே விட்டுப் போகிறது என்று புகார் வந்ததும் நாரையும் காகமும் போய்ப் பார்த்தன.

வளைக்குள் தண்ணீர் கசிந்திருந்தது. மெலிந்த குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"தூக்கிட்டுப் போயிடுவோம்," என்றது காகம். "இங்கேயே விட்டு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் நம்மளைத்தான் கேப்பாங்க."

அதற்குள் கீரி வாயில் தவளையோடு ஓடி வந்தது. குட்டிகள் பசியிலும் தவளையைப் பார்க்கவில்லை. தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன.

"இரை தேடத்தான் போனேன். கூட்டிட்டுப் போனா பருந்து தூக்கிடும். நான் என்ன செய்யட்டும்?" என்றது கீரி, தவளையைக் கீழே போட்டுவிட்டு.

நாரை தாயின் அடியில் ஒண்டியிருந்த குட்டிகளைப் பார்த்தது. போன மழைக்காலத்தில் அது ஒரு முயல்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து நல்ல வளையில் சேர்த்திருந்தது. குட்டி எதையும் தின்னாமல் செத்துப்போனது. அதைப் பற்றி நாரையை யாரும் கேட்கவில்லை.

"மேட்டுல ஒரு காலி வளை இருக்கு. மூணு பேரும் அங்கே போயிடுங்க. நீ இரைக்குப் போறப்ப நாங்க மாறி மாறிப் பார்த்துக்கிறோம்," என்றது நாரை.

"இது நம்ம வேலையே இல்லை," என்று காகம் முணுமுணுத்தது.

கீரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேடேறியது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மனசு கேட்காமல் நாரை மேட்டுக்குப் பறந்தது. வளை வாசலில் காகம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது.

"சத்தம் போடாதே," என்றது. "ரெண்டும் இப்பத்தான் தூங்குச்சு."