கேப்டனைப் பார்க்கும் கேமரா

"கீழே பார்க்க வேண்டாம். என்னைப் பார்த்து இருக்கணும்" என்றார் கேப்டன்.

கேமரா கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். சின்ன விமானத்தில் மாட்டப் போகிறோம் என்று சொன்னதும் மனுஷர் உற்சாகத்தில் அலமாரியையே காலி செய்திருந்தார். இறக்கைக்கு அடியில் மாட்டுவது, மூக்கில் ஒட்டுவது, முன்னால் சுற்றுகிற காத்தாடியைப் படத்தில் வாழைப்பழம் மாதிரி வளைத்துக் காட்டாதது என்று மேஜை நிறைய கேமராக்கள். எல்லாம் வீண்.

கேப்டன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயசு முப்பதுகூட ஆகவில்லை. சிரித்தால் அபராதம் கட்டணும் என்று நினைக்கிற முகம். அவரிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டரம்மாவுக்கு ஐம்பது தாண்டியாச்சு. "தினமும் வாய்க்குள்ள கேமரா விட்டுப் பார்க்கறவங்க நீங்க, கூட வந்து ஒண்ணு பார்த்துக் கொடுங்க" என்று கேப்டன்தான் கூப்பிட்டிருந்தார். டாக்டரம்மாவின் கணவர் சும்மா வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டு வந்தவர்.

நாளையோடு வகுப்பை நிறுத்திவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்துவிட்டார். கேப்டனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

"பார்த்தீங்களா?" என்று கணவரின் காதைக் கடித்தார். "ஆகாசத்துக்குப் போனாலும் இவருக்கு இவர் மூஞ்சிதான் காட்சி."

"சின்ன வயசு. ஆசை இருக்காதா?"

கேப்டன் கடைக்காரரை விடுவதாக இல்லை. "பின்னாடி ஜன்னல் வெயில் இருக்கும். அதுக்காக நான் நிழல் மாதிரி தெரியக் கூடாது. கீழே இருட்டா இருக்கும். கால்கூடத் தெரியணும்."

"கால் எதுக்கு சார்?"

"தெரியணும்."

"புது ஷூ வாங்கியிருப்பார்" என்றார் கணவர் மெல்ல. டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

கடைக்காரர் ஒரு கேமராவை அலமாரி விளிம்பில் கவ்வ வைத்தார். கேப்டன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் முட்டியோடு ஆள் முடிந்து போனது. "இன்னும் அகலமா வேணும்." அடுத்ததை மாட்டியதும் எழுந்து போய் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மேலேயிருந்த லென்ஸ் மூடிகள் பொலபொலவென்று கொட்டின.

"சார், சார், கடை சார்."

"என்ஜின் இதைவிட ஆட்டும்."

பார்க்கச் சகிக்காமல் டாக்டரம்மாவே களத்தில் இறங்கினார். "அந்தக் குட்டியை எடுங்க. வெளிச்சமும் இருட்டும் சேர்ந்து வந்தா அதுதான் சமாளிக்கும். எனக்கும் இதே தொல்லைதான். பல்லு பளபளன்னு இருக்கும், தொண்டை கும்மிருட்டு."

குட்டி தேறிவிட்டது. கேப்டன் அதையே வாங்கினார்.

"என் பக்கமும் ஒண்ணு வைங்களேன் கேப்டன். நான் ஓட்டறதை நானே பார்த்துத் திருத்திப்பேன்."

"உங்க பக்கம் தேவையில்லை."

டாக்டரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினார். "இத்தனைக்கும் அவருக்குத் தெரியும், எனக்கு இறக்க வரலைன்னு. இதுல தனியா ஓட்டுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு. ரெண்டு பேர் முன்னாடியும் ஓட்டற கோலும் மிதிகட்டையும் இருக்கு. ஒண்ணை அசைச்சா இன்னொண்ணும் அசையும். தரை நெருங்கும்போது அவர்தான் பிடிச்சு இறக்கறாரு. கேட்டா, நான் தொடவே இல்லைன்னு கூசாம சொல்றாரு."

"பக்கத்துலதானே இருக்காரு? திரும்பிப் பார்க்கறது."

"அந்த நேரத்துல ஓடுபாதையை விட்டுக் கண்ணை எடுத்தா, நீங்க வேற பொண்ணு பார்க்க வேண்டியதுதான்." ஜன்னல் கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டதுங்க. விடறதுக்கு மனசே வரலை."

கணவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை மூன்று தடவை ஏறி, மூன்று தடவை இறங்கினார்கள். இறங்கி வந்ததும் டாக்டரம்மா ஆரம்பித்தார். "கேப்டன், நான் இன்னியோட..."

"உட்காருங்க டாக்டர். படம் பார்த்துட்டுப் பேசலாம்."

விமானப் பயிற்சிக் கழகத்து அறையில் காத்திருந்த கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கதாநாயகன் அறிமுகம்" என்று முணுமுணுத்தார்.

திரையில் தலைமுதல் ஷூவரை கேப்டன். அவருக்குப் பின்னால் ஜன்னலில் தரை மேலே ஏறி வருகிறது. "ஐயையோ, பிடிங்க கேப்டன், பிடிங்க" என்று டாக்டரம்மாவின் குரல்.

கேப்டன் பிடிக்கவில்லை. இரண்டு கையும் கக்கத்தில் இருந்தன. இரண்டு காலும் மிதிகட்டையை விட்டு வந்து சீட்டுக்கு அடியில் இருந்தன. சக்கரம் தரையைத் தொட்டது. உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. கை வெளியே வரவில்லை.

இரண்டாவது தடவையும் அதே கதை.

டாக்டரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அப்போ இறக்கினது யாரு?"

"வாயால சொன்னா நம்பமாட்டேங்கறீங்க" என்றார் கேப்டன். "அதான் என் கையையும் காலையும் படம் பிடிக்க வேண்டியதாப் போச்சு."

மூன்றாவது தடவை ஜன்னலில் ஓடுபாதை நெருங்கியது. அதே குரல், அதே கதறல். கேப்டன் கையைக் கட்டியபடியே, சக்கரம் தொடுகிற நேரத்தில், வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டார்.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிக் கையை நீட்டினார்.

"மேல் வரிசையில கடைசிப் பல்லு சொத்தை, கேப்டன். நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க. இப்போ நீங்க இங்கேயே இருங்க, விமானச் சாவியை மட்டும் கொடுங்க."