பிரான்ஸ் என்றால் லூர்து

"அடுத்த மாதம் பிரான்சுக்குப் போறன்" என்று மாகிரட் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குப் பேப்பர் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு பின்னேரம். எட்வேட் வீட்டில் செபமாலை முடிந்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் சுற்றி வந்த நேரம். ஒருவருக்கு மகளின் கலியாணம், இன்னொருவருக்கு முழங்கால் வலி, மூன்றாமவருக்கு விசா. எல்லாம் மாதாவின் காலடியில் வைக்கவேண்டிய மன்றாட்டுக் கடிதங்கள். ஓக்லாந்துக்கு வந்து எத்தனை வருசமானாலும் இந்தச் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் மாதா காட்சி கொடுத்த லூர்துதான். வேறு எதற்காக ஒரு மனிசர் அவ்வளவு காசைக் கொட்டி அவ்வளவு தூரம் போவார்?

"நான் லூர்துக்குப் போகேல்லை" என்றாள் மாகிரட்.

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

"அப்ப?"

"சைக்கிள் ஓடப் போறன்."

யாரோ சிரித்தார்கள். மாகிரட் சிரிக்கவில்லை. வயது ஐம்பத்தொன்பது. புருசன் கண்மூடி இரண்டு வருசம். பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் அந்தக் கிடங்கின் வெறும் கார் பார்க்கில் விழுந்து எழும்பிப் பழகியிருந்தாள். முழங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை.

"தெற்குப் பிரான்சில ஒரு கால்வாய் இருக்கு. வெட்டி முந்நூறு வருசத்துக்கு மேல. குதிரையள் வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடந்த கரை, இப்ப சைக்கிள் பாதை. வழி முழுக்கக் கோட்டையள், கல்லுப் பாலங்கள், பழைய மடங்கள். கார் ஒண்டும் வராது. எட்டு நாள் ஓடப் போறன்."

"தனியவோ?"

"தனியத்தான்."

"அந்த இறுக்கின காற்சட்டை போட்டுக்கொண்டோ?"

"சீலையோட ஓட ஏலாதுதானே."

எட்வேட் தொண்டையைச் செருமினார். செபமாலைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போன வருசம் மனைவி பிலோமினாவோடு லூர்துக்குப் போய்ப் பத்து நாள் நின்று, அங்கே மாதாவின் ஊற்றில் பிடித்ததென்று தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கிட்டவர். அன்றிலிருந்து எந்தக் கதையையும் "நான் லூர்தில நிக்கேக்க" என்றுதான் தொடங்குவார்.

"மாகிரட், பதினாலு வருசமா மாதா பெருநாளுக்கு மன்றாட்டுமாலை பாடுறது நீங்கள். அதுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு. சனம் என்ன கதைக்கும்?"

"பெருநாளுக்கு ஒரு மாதம் முந்தியே வந்திடுவன் அண்ணை."

"நான் அதைச் சொல்லேல்லை." எட்வேட் குரலைத் தணித்தார். "லூர்துக்குப் போறன் எண்டே சொல்லிப்போட்டுப் போங்கோ. இந்தக் கடிதங்களையும் வாங்குங்கோ. பிரான்சில நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு ஆர் வந்து பாக்கப் போயினம்?"

ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் வாழ்த்தி அனுப்புவார்கள், பாட்டும் கையை விட்டுப் போகாது. புருசனைப் புதைத்த கிழமையில் அவளை விழாமல் நிமிர்த்தி வைத்தது அந்தப் பாட்டுத்தான். அது இல்லாத ஒரு பெருநாளை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் எட்வேட் சொன்னதைக் கேட்டு வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பொய் சொல்லிப்போட்டுப் போக, நான் என்ன களவெடுக்கவே போறன்? இருபத்திரண்டு வருசமா விடிய அஞ்சு மணிக்கு மோட்டர்வேயில ஏறினனான். முன்னாலயும் லொறி, பின்னாலயும் லொறி. எனக்குப் பின்னால நிண்டு ஹோன் அடிக்க ஒருத்தரும் இல்லாத பாதையில ஒருக்கா, ஒரே ஒருக்கா, போகப் போறன். மாதாவுக்கு அதில ஒரு கோவமும் இல்லை. உங்களுக்குத்தான்."

எட்வேட்டின் முகம் கறுத்தது.

"அப்ப இந்த முறை வேற ஆள் பாடட்டும். ஓம் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

முதலில் இரண்டு கை. பிறகு நாலு. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து மற்றதெல்லாம் எழும்பின. அரை மணி நேரத்துக்கு முன் அவளோடு சேர்ந்து செபம் சொன்ன ஆட்கள். மாகிரட்டுக்குக் கண் கலங்கியது. அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"காணும், கையை இறக்குங்கோ. நான் ரிக்கெற்றை மாத்தப் போறதில்லை."

கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். அப்போதுதான் ஒருவர் மட்டும் கை தூக்காமல் நிற்பதைக் கண்டாள். பிலோமினா, தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

எட்வேட்டும் கண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? தட்டை வைச்சிட்டுக் கையைத் தூக்கும்."

பிலோமினா தட்டை மேசையில் வைத்தாள். கையைத் தூக்கவில்லை. கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருசத்தில் அவர் சொல்லி அவள் செய்யாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

"மாகிரட் அக்கா, எனக்கும் ஒரு சைக்கிள் பதிஞ்சு விடுங்கோ" என்றாள். "நானும் உங்களைப் போல உள்ளதைச் சொல்லிப்போட்டு ஒருக்காப் பிரான்சுக்குப் போகவேணும்."

"பிலோமினா, உள்ள போம்!"

அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல், கை தூக்கியவர்கள் பக்கம் திரும்பினாள்.

"போன வருசம் நாங்கள் லூர்துக்குப் போகவே இல்லை, பத்து நாளும் பாரிஸில இவரின்ர தம்பி வீட்டிலதான் நிண்டனாங்கள், நீங்கள் எல்லாரும் முழங்காலில நிண்டு வாங்கிக் குடிச்ச தண்ணியை அவையின்ர குசினிப் பைப்பில நான்தான் பிடிச்சனான்."